புத்தகம் எங்களிடம், கார் அவரிடம்

சுன்னாகத்துக்காரர்:

அப்பாவின் ஓஸ்ரின் ஏ40 சொமர்செற் காரை நான் கடைசியாகப் பார்த்தது 1995 ஒக்ரோபர் 30 இரவு. எனக்கு 11 வயது. சண்டை நெருங்கிவர, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவு. ஏறத்தாழ 5 இலட்சம் சனம் நாவற்குழிப் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கார் இருந்ததுதானே, ஏன் நடந்தீர்கள் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். தாங்கியில் மண்ணெண்ணெய் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நெரிசலில் சைக்கிளையே உருட்டிக்கொண்டுதான் போனோம்.

அப்பா காரை மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுக் கிடுகால் மூடினார். மூடுவதற்கு முதல் பொனற்றைத் தூக்கி, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த றோட்டரை உருவி எடுத்தார். பெருவிரல் அளவில் ஒரு கறுத்தத் துண்டு, உச்சியில் சின்னப் பித்தளைத் தகடு. அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்குப் பொறி போகாது. சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, "இனி ஆராலும் ஸ்ரார்ட் பண்ணேலாது" என்றார். காணி உறுதிகளோடு காரின் புத்தகமும், அதாவது சொந்தக்காரர் பெயர் உள்ள பதிவுப் புத்தகமும், அம்மாவின் பையில் வந்தது.

அடுத்த வருசம் மே மாதம் வீட்டுக்குத் திரும்பினோம். கிடுகு கிடந்தது. காரைக் காணவில்லை. ஸ்ரார்ட் பண்ணத்தானே ஏலாது, கட்டி இழுக்க ஏலும் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொமர்செற் 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். 1200 சிசி எஞ்சின், கியர் ஸ்ரேரிங்குக்குக் கீழே. நம்பரும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பழைய நம்பர், நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது. அப்பா அதை 1974 இல் இரண்டாம் கையாக வாங்கிச் சுன்னாகம் சந்தையடியில் வாடகைக்கு ஓடினார். இப்போதுபோல மினுங்கும் சிக்னல் லைற் அதில் இல்லை. திரும்பும்போது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், அதற்குள் மஞ்சள் விளக்கு எரியும். இடது பக்கக் கையின் மஞ்சள் மூடி எப்போதோ உடைந்துவிட்டது. உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? அம்மாவின் றோஸ் நிறச் சோப்புப் பெட்டியை அரிந்து அப்பா ஒட்டினார். எங்கள் கார் இடது பக்கம் திரும்பினால் றோஸ், வலது பக்கம் திரும்பினால் மஞ்சள்.

மூன்று வருசத்துக்கு முதல் சித்தியின் மகளுடைய கல்யாண அல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாய்ந்து நிற்க ஒரு பழைய கார், கடும் சிவப்புப் பெயின்ற். எங்களுடையது சாம்பல் நிறம். பக்கத்தைத் திருப்பப் போனவன் நின்றுவிட்டேன். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரோ அந்தக் கையை வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். றோஸ்.

சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

திருச்சிக்காரர்:

நீங்க கொடுத்து வைத்தவர், சார். உங்களுக்கு முழுக் காராகக் கிடைத்திருக்கிறது. எனக்குக் கதவுதான் கிடைத்தது.

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் செய்தது. மார்க் 3, நாலு கதவு. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான்; நாலு கதவு வைத்துச் செய்தது நம் நாட்டில் மட்டும். அதன் பானெட்டைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும். எஞ்சின் மொத்தமும் வெட்டவெளியில் நிற்கும், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். திருப்புவதிலும் மன்னன். எங்கள் தெருவில் ஆட்டோ திரும்புகிற இடத்தில் அது திரும்பிவிடும். அக்கா கல்யாணச் செலவுக்காக 1984ல் அப்பா விற்றுவிட்டார். வாங்கியவர் ஓட்டிப் போனபோது அப்பா வாசலுக்கே வரவில்லை.

போன வருஷம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். பின்னால் கோழிக்கூடு. அதற்குக் கதவு, ஒரு ஹெரால்டு கதவு! கிட்டே போய்ப் பார்த்தால், உள்பக்கத் தகட்டில் காம்பஸ் முனையால் கீறிய ஒரு ரயில் இன்ஜின். நான் ஆறாம் வகுப்பில் கீறியது, அதற்கு வாங்கிய அடியும் ஞாபகம் இருக்கிறது. ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, பாடியைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றலாம். அதுதான் அதற்கு எமனாகவும் ஆனது. மெக்கானிக்கின் அப்பா அதைப் பிரித்துப் பிரித்தே விற்றிருக்கிறார். கதவுக்கு 300 ரூபாய் கொடுத்தேன். கோழிக்கு மாற்றுக் கதவு வைக்க இன்னொரு 200 கேட்டார், அதையும் கொடுத்தேன். இப்போது மாடியில் சாத்தி வைத்திருக்கிறேன். மனைவிக்கு இடைஞ்சல்தான்.

பருத்தித்துறைக்காரர்:

சுன்னாகத்து அண்ணை சாப்பிட்டு முடியும் மட்டும் நான் ஒன்று சொல்கிறேன். தாங்கியில் மண்ணெண்ணெய் என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் முழித்திருப்பீர்கள். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோலை நாங்கள் சென்ற் மாதிரித் துளித் துளியாகத்தான் பாவித்தோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் மொறிஸ் மைனரில் அந்தப் பெற்றோல் மருந்துக் குப்பியில் இருந்தது. இந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. வெள்ளைப் புகையும் கண் எரிவும்தான். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அது வேறு கவலை. இன்றைக்கும் மண்ணெண்ணெய் மணத்தால் எனக்குப் பள்ளிக்கூடம் போகிற ஞாபகம் வரும்.

அண்ணை, வாங்கோ. கார் என்ன ஆச்சு?

சுன்னாகத்துக்காரர்:

வந்துவிட்டேன்.

படம் எடுத்தவரிடம் கேட்டு வடமராட்சிக்குப் போனேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வேறு காராக இருந்தால் தாங்கமாட்டார். வளவுக்குள் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. நம்பரைப் பார்க்க முதலே இடது தூணைத் தடவினேன். சோப்புப் பெட்டியின் விளிம்பில் அப்பா அரத்தால் ராவிய கீறல்கள்கூட அப்படியே.

சொந்தக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா. முதலில் தேத்தண்ணி தந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "காரைக் கொண்டுபோக வந்தனீங்களோ தம்பி?" என்றார். இல்லை ஐயா, பார்க்கத்தான் என்றேன். நம்பவில்லை. எனக்கே அது உண்மையா என்று அந்த நேரம் தெரியாது.

2003 இல் தன் பழைய லான்ட்மாஸ்ரரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினை, கொடுத்து மாற்றாக எடுத்தாராம். அதற்கு முதல் இரண்டு கை மாறியிருந்தது. யார் முதலில் இழுத்துக்கொண்டு போனது என்று அவருக்குத் தெரியாது, நானும் துருவவில்லை. சில்லு நாலும் இல்லை, இருக்கைக்குள் எலி. தகரம் வெட்டி வைத்து, பெயின்ற் அடித்து, இரண்டு வருசம் மினக்கெட்டிருக்கிறார். பிறகு தானாகவே சொன்னார்: "எல்லாம் பூட்டி முடிச்சும் ஸ்ரார்ட் வரேல்லை. மூடியைக் கழட்டிப் பாத்தா, றோட்டரைக் காணேல்லை. எந்த விசரன் அதை மட்டும் கழட்டினவனோ!"

நான் சிரித்ததில் தேத்தண்ணி சிந்திவிட்டது. அந்த விசரன் என்ர அப்பா என்றேன். அதற்குப் பிறகுதான் ஐயா சாதாரணமாகக் கதைத்தார்.

புத்தகம் இல்லாததால் அவர் காரை றோட்டில் ஏற்றுவதில்லை. வளவுக்குள் நிறுத்திக் கல்யாணப் படத்துக்கு வாடகைக்கு விடுவதோடு சரி. புத்தகம் எங்கள் வீட்டு அலுமாரியில், அப்பாவின் பெயரில்.

வீட்டில் ஒரு மாதம் இழுபறி. தம்பி கனடாவிலிருந்து, காசு கொடுத்து வாங்கிவிடுவோம் என்றான். அக்கா பொலிசுக்குப் போகலாம் என்றாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

போனோம். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சாரதிப் பக்கம் ஏறி, சுவிச்சைத் தட்டி இடது கையை நீட்டிப் பார்த்தார். எரிந்தது. இறங்கி வந்து, "பெயின்ற் பிழை. மற்றதெல்லாம் நல்லாச் செய்திருக்கிறியள்" என்றார் ஐயாவிடம். புத்தகத்தைக் கொடுத்து, மாற்றும் பத்திரத்தில் அங்கேயே கையெழுத்து வைத்தார். ஐயா காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "லான்ட்மாஸ்ரர் குடுத்தனீங்கள்தானே" என்று முடித்துவிட்டார்.

திருச்சிக்காரர்:

அந்த ரோட்டர்?

சுன்னாகத்துக்காரர்:

அதையும் ஐயாவுக்குக் கொடுப்போமா என்று வரும் வழியில் கேட்டேன். "அவருக்கென்னத்துக்கு, அவர் புதுசு போட்டிட்டார்" என்றார். அது அப்பாவின் மேசை லாச்சியில் மருந்துக் குளிசைகளோடு கிடக்கிறது.