காட்பாடி குடும்பம் குழுவில் ஒரு கார் ஷெட் பஞ்சாயத்து

குமரன்: வீட்டுக்குப் பக்கவாட்டில் கார் ஷெட் போடுகிறோம். 12 அடி அகலம், 20 அடி நீளம். மூன்று பக்கமும் மேலேயும் ஷீட். கதவு, ஜன்னல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வெல்டிங்காரர். சரிதானே மாமா?

சேகர் மாமா: அப்புறமா? முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான்டா.

கீதா அத்தை: போச்சு. ராணிப்பேட்டை பெல் (BHEL) கம்பெனியில் ரிடயர் ஆனவரிடம் இரும்பைப் பற்றிக் கேட்டுவிட்டாய். இன்று சாப்பாடு லேட்.

சேகர் மாமா: ஷட்டர் எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே என்று தெரிந்தால்தான் கிராஸ் சப்போர்ட்டை எங்கே போடுவது என்று தெரியும். இல்லையென்றால் பின்னால் ஜன்னல் வைக்க வருகிறவன் குறுக்கே இருக்கிற ராடை அறுத்துவிட்டுப் போவான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மே மாதத்துச் சூறைக்காற்றில் ஷெட் ஆடும்போது தெரியும்.

பிரகாஷ்: தூணைத்தான் கான்கிரீட்டில் இறக்குகிறார்களே, கிராஸ் எதற்கு மாமா?

சேகர் மாமா: அடியில் பிடித்திருந்தாலும் மேலே ஆடும். நாலு கம்பியைச் சதுரமாக வெல்டு செய்து மூலையைத் தள்ளிப் பார், கோணிக்கொள்ளும். மூலைக்கு மூலை ஒரு கம்பி போட்டால் முக்கோணம் ஆகிவிடும், அது கோணாது. ராடு இழுத்தால் தாங்கும், அழுத்தினால் வளையும். அதனால்தான் எக்ஸ் மாதிரி இரண்டு. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றாவது இழுத்துப் பிடிக்கும். ராடை இறுக்குகிற திருகு இருக்கிறதே, டர்ன்பக்கிள், அதை வைத்து இரண்டையும் சமமாக முறுக்கணும். ஒன்றை மட்டும் முறுக்கினால் தூண் சாயும். கூரைக்கு அடியிலும் ஒரு எக்ஸ் வேண்டும், அதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

குமரன்: முன்பக்கம் எக்ஸ் போட்டால் கார் எப்படி மாமா உள்ளே போகும் 😄

சேகர் மாமா: அங்கே முட்டு. தூணும் மேல் கம்பியும் சேருகிற இரண்டு மூலையிலும் சாய்வாக ஒரு குட்டைக் கம்பி. ஆனால் அது உயரத்தைத் தின்னும். ஷட்டர் சுருளுகிற டிரம்மும் ஒரு அடிக்கு மேல் கேட்கும். எஸ்டிமேட்டில் உயரம் எவ்வளவு?

குமரன்: 8 அடி.

சேகர் மாமா: 9 அடிக்கு மேல் ஆக்கச் சொல். ஷட்டர் அகலம் 10 அடி விடு.

ரேவதி அக்கா: ஸ்லைடிங் கேட் நல்லாயிருக்குமே?

சேகர் மாமா: திறக்கும்போது நகர்ந்து நிற்கப் பக்கத்தில் அவ்வளவு இடம் வேண்டும் அம்மா. அங்கே பக்கத்து வீட்டுச் சுவர்தான். இரட்டைக் கதவு போட்டால் காற்றில் அடித்துக்கொள்ளும். ஷட்டரே சரி. மோட்டார் வைத்தால் கரண்ட் போனாலும் கையால் தூக்குகிற வசதி இருக்கணும்.

பிரகாஷ்: ஷட்டரே வேண்டாம், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். செலவு மிச்சம்.

சேகர் மாமா: மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்து விடுவதுதான் மோசம். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை, கூரையைத் தூக்கும். நாலு பக்கமும் திறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஓரத்து ஷீட்டைத்தான் காற்று முதலில் பிய்க்கும், அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வேண்டும்.

அம்மா: அண்ணா, அக்னி நட்சத்திரத்தில் அந்த ஷீட்டுக்குள் யார் நிற்பது? அரிசி மூட்டையெல்லாம் அங்கேதான் வைக்கப் போகிறேன். இரண்டு ஜன்னல் வேண்டும்.

சேகர் மாமா: சூடு மேலேதான் தங்கும். கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவரில் லூவர், அதாவது சாய்வுப் பட்டை வைத்த காற்றுத் திறப்பு, வைத்தால் போய்விடும், இடுப்பளவில் வைக்கிற ஜன்னலால் அது போகாது. வெளிச்சத்துக்கு வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் போதும். மேற்கில் வேண்டவே வேண்டாம்.

ரேவதி அக்கா: ஜன்னல் யூபிவிசி பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

சேகர் மாமா: இரண்டும் ஓகே. ஜன்னலை ஷீட்டில் தொங்கவிடக் கூடாது. சுற்றிப் பாக்ஸ் பைப்பில் சட்டம் அடித்து, அதை ஷெட் கம்பியோடு வெல்டு செய்யணும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, ஜன்னலுக்கு மேலே ஒரு தகரத்தை மடித்து, மேல் ஷீட்டுக்கு உள்ளே செருகி விடணும். இடுக்கில் பூசுகிற சீலன்டை மட்டும் நம்பினால் இரண்டு வெயிலில் விரிசல் விடும். அப்புறம், ஷீட்டைக் கிரைண்டரில் அறுக்க விடாதே. பொறி பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும்.

குமரன்: எல்லாவற்றையும் வெல்டிங்காரருக்கு அனுப்பிவிட்டேன் மாமா.

(மாலை)

குமரன்: புது எஸ்டிமேட் வந்துவிட்டது. நன்றாகவே ஏறியிருக்கிறது. கிராஸை ஒரு பக்கம் மட்டும் போட்டால் குறைத்துத் தருகிறாராம்.

சேகர் மாமா: அதில் கை வைக்காதே. வேண்டுமானால் ஒரு ஜன்னலைக் குறை.

அம்மா: நீங்கள் ஏற்கெனவே ஒன்றைக் குறைத்துவிட்டீர்கள் அண்ணா.

சேகர் மாமா: சரி, மோட்டாரை விடச் சொல். கையால் தூக்கட்டும்.

பிரகாஷ்: குமரன் அண்ணா தூக்குவாரா?

குமரன்: தூக்குகிறேன்டா.