முன்னோடிக் கிராமங்களில் பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பவை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

ஸ்காபரோ அம்மா:

கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போவது ரொறொன்ரோவில் ஜேன், ஸ்டீல்ஸ் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளாக் கிரீக் கிராமத்தைப் பற்றி. முன்னோடிக் கிராமம் என்றால், அந்தக் காலத்துக் குடியேறிகள் வாழ்ந்த விதத்தைப் பழைய கட்டடங்களோடு காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம். 2017 இல் அங்கே சுரங்க ரயில் வந்தபோது நிலையத்துக்கே ‘பயனியர் வில்லேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். நிலையத்தைத் தெரிந்த அளவுக்குக் கிராமத்தை நம்மவர்களுக்குத் தெரியாது.

பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஸ்டோங் என்ற ஜேர்மன் வம்சாவளிக் குடும்பம் 1816 இல் காடு வெட்டி உருவாக்கத் தொடங்கிய பண்ணைதான் இதன் நடுப்பகுதி. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய அவர்களுடைய முதல் வீடும், 1832 இல் கட்டிய பெரிய வீடும் இன்றும் நிற்கின்றன. மற்றக் கட்டடங்களில் பெரும்பாலானவை வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மாவு ஆலை பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் 1842 இல் கட்டியது. ஹாஃப் வே ஹவுஸ் என்ற சத்திரம் நம்முடைய ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்டும் சந்திக்கும் மூலையில் நின்றது. நாங்கள் பஸ் மாறுகிற இடம்! குதிரை வண்டியில் வந்தவர்கள் அங்கே இறங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் மகளுக்கு அந்தச் சத்திரத்தை விட்டு வர மனமில்லை.

சரி, பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

எங்களுக்கு மறக்க முடியாதது வெண்ணெய் கடைந்தது. நீளமான மரப்பாத்திரம், மூடியில் ஒரு துளை, துளை வழியாக ஒரு கோல். கோலின் அடியில் குறுக்குக் கட்டை இருக்கிறது. அதை மேலும் கீழும் இடிக்க வேண்டும். முதலில் பாலாடை சளசளவென்று சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் அது நுரைத்துத் தடித்துவிடும், கோல் நகராது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் கை வலிக்கிறது என்று அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். மகளும் போகப் பார்த்தாள். அந்தக் காலத்து உடை போட்டுக்கொண்டு அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா, “இன்னும் கொஞ்சம்தான், சத்தத்தைக் கேள்” என்றார். திடீரென்று சத்தம் மாறியது. தடிப்பாக இருந்தது உடைந்து, தண்ணீர் போல மோர் பிரிந்து, உள்ளே மஞ்சள் மணிகள். மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அதைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தி மோரைப் பிழிந்தார்கள். மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் புளித்துவிடுமாம். கடைசியில் உப்பு.

கூட வந்த அம்மம்மாவுக்கு இதில் ஒரு வழக்கு இருந்தது. ஊரில் நாங்கள் தயிரைத்தான் கடைவோம், மத்தைக் கயிற்றால் சுழற்றுவோம், இவர்கள் ஏன் பாலாடையை இடிக்கிறார்கள் என்று கேட்டார். அந்த அம்மாவும் ஆர்வமாகக் கேட்டு, மத்து எப்படி இருக்கும் என்று அம்மம்மாவைக் கையால் காட்டச் சொன்னார். நடுவில் நின்று மொழிபெயர்த்தது மகள்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: கிராமம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். நாற்பது கட்டடங்கள் வரை இருக்கின்றன. எல்லாவற்றிலும் தலையை நீட்டிவிட்டு வந்தால் பிள்ளைக்கு எதுவும் தங்காது. ஒரு வேலை, அது முடியும் வரை. வெண்ணெய் திரளும் வரை நிற்காத பிள்ளை வெண்ணெய் கடையவில்லை, கோலைத் தொட்டது, அவ்வளவுதான். படம் எடுக்க அவசரப்படுத்தும் பெற்றோரிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மெழுகுதிரியும் அப்படித்தான். திரியை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். மெழுகுக்குள் கூட நேரம் வைத்திருந்தால் ஏற்கெனவே ஒட்டியதும் உருகிப் போய்விடும். முக்கினால் உடனே எடுக்க வேண்டும், எடுத்தால் பொறுக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாக வட்டம் சுற்றி நடந்து வருவார்கள். வட்டம் முடிந்து திரும்ப வாளிக்கு வரும் நேரம்தான் மெழுகு ஆறும் நேரம். யாரும் “பொறு, பொறு” என்று சொல்லத் தேவையில்லை.

உங்களுடையதையும் எழுதுங்கள். வேறு கிராமங்களுக்குப் போனவர்களும்தான்.

பிரம்ரன் அப்பா:

அக்கா, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டீர்களே! டிக்சன்ஸ் ஹில் பள்ளி, 1861 இல் கட்டியது. ஒரே அறை, எல்லா வகுப்பும் அதற்குள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிலேட்டும் குச்சியும் கொடுத்து எழுதவிட்டார்கள். என் அப்பா சாவகச்சேரியில் சிலேட்டில் எழுதிப் படித்தவர். பின் வாங்கில் உட்கார்ந்து, தானும் ஒன்று வாங்கி, ‘அ’ எழுதினார். பேரன் வந்து பார்த்து, “அப்பப்பா, நீங்களும் 1861 இல் பிறந்தவரா?” என்று கேட்டான். சிலேட்டுக் குச்சி கிறீச்சிடாமல் இருக்க எப்படிச் சரித்துப் பிடிப்பது என்று அப்பாதான் அந்த வரிசைக்கே சொல்லிக் கொடுத்தார்.

தாத்தா பாட்டிமாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே அவர்களுக்குத்தான் வேலை தெரியும்.

மொன்றியலிலிருந்து:

நாங்கள் போவது மொரிஸ்பேர்க்கில் இருக்கும் அப்பர் கனடா வில்லேஜ். 1961 இல் திறந்தது. செயின்ற் லோறன்ஸ் ஆற்றில் கப்பல் பாதையும் மின்நிலையமும் அமைப்பதற்காக 1958 ஜூலை 1 அன்று தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கரையோர ஊர்கள் மூழ்கின. ஏறத்தாழ 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றிப் புது இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பகுதியில் காப்பாற்றிய கட்டடங்களை வைத்துத் தொடங்கியதுதான் இந்தக் கிராமம். இதை வாசித்துச் சொன்னபோது என் அம்மா, “வீட்டையும் கூடக் கொண்டுபோக விட்டிருக்கிறார்கள்” என்றார். எங்கள் வீடு இருந்த ஊரை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் புரியும்.

இங்கே எல்லாம் 1860களில் நடக்கிற மாதிரி. கம்பளி வேலைதான் எங்கள் மகனைப் பிடித்துக்கொண்டது. கம்பிப் பற்கள் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே ஆட்டு மயிரை வைத்து எதிரெதிராக இழுத்துச் சிக்கெடுக்க வேண்டும். கழுவாத மயிரில் ஆட்டின் கொழுப்பு இருக்கும். கை வழவழவென்று ஆகிவிடும், வாசமும் அப்படியே. நன்றாகச் சிக்கெடுத்தால் சுருட்டி எடுக்க மெல்லிய சுருள் ஒன்று கிடைக்கும். மகனுக்கு அந்த ஒரு சுருளுக்கே நீண்ட நேரம் போனது. அதற்குப் பிறகு கம்பளி ஆலைக்குக் கூட்டிப் போனோம். தண்ணீர் விசையில் ஓடும் இயந்திரம் அதே வேலையை மளமளவென்று செய்கிறது. கதவடியிலேயே நின்றுவிட்டான். முதலில் ஆலையைப் பார்த்திருந்தால் அது வெறும் சத்தம் போடும் இயந்திரம். முதலில் கை, பிறகு ஆலை என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாயில் ஒரு படகும் உண்டு. கரையில் நடக்கும் குதிரை கயிற்றால் இழுக்கும். சின்னவர்களுக்கு அது போதும். பேக்கரியில் சுட்ட பாணும் வாங்கலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் அந்தக் காலத்து உடையில் தங்கிப் பழகும் கோடை முகாமும் நடத்தியிருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

பீற்றர்பரோவில் படிப்பிக்கும் ஒருவர்:

கீன் ஊருக்குப் பக்கத்தில் லாங் என்ற கிராமம் இருக்கிறது. கூட்டம் குறைவு என்பதால் பிள்ளைகளுக்குக் கையில் கொடுக்க நேரம் இருக்கும். ரெட் ஃபைஃப் கோதுமையை இந்தப் பகுதியில் 1842 அளவில் முதலில் விளைவித்த டேவிட் ஃபைஃபின் மரவீடு அங்கே இருக்கிறது. பின்னால் கனடாவின் சமவெளிகள் எங்கும் பரவிய கோதுமை அது. 1846 இல் கட்டிய மாவு ஆலையும் பக்கத்தில்.

வகுப்பைக் கூட்டிப் போனபோது கயிறு திரித்தார்கள். மூன்று புரிகளைக் கொக்கிகளில் மாட்டி ஒரு பிள்ளை கைப்பிடியைச் சுற்ற, மறுமுனையில் ஒரு பிள்ளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு பிள்ளை நடுவில் கட்டை வைத்துப் புரிகளைப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். புரிகள் ஒரு பக்கம் முறுக, கயிறு எதிர்ப் பக்கம் முறுகும். அதனால்தான் அவிழாது. ஒருவர் கையை விட்டால் எல்லாம் சிக்கு. வகுப்பில் பேசவே பேசாத ஒரு பிள்ளை அன்றைக்கு “இழு, இழு, விடாதே!” என்று கத்தினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். குடியேறிகள் வருமுன் இங்கே யாருமே இல்லை என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போகக் கூடாது. லாங்கில் முதற்குடியினரின் வாழ்க்கையைக் காட்டும் ஆப்நாபின் என்ற முகாம் இருக்கிறது. கேர்வ் லேக், ஹயவாத்தா என்ற முதற்குடிச் சமூகங்களோடு சேர்ந்து அமைத்தது. அதைத் தவறவிடாதீர்கள். ப்ளாக் கிரீக்கைச் சுற்றிய நிலமும் அப்படித்தான், வெண்டாட் மக்களும் மிசிசாகா மக்களும் வாழ்ந்த நிலம். பிள்ளைகளே “இந்தக் காடு யாருடையது?” என்று கேட்பார்கள். பதில் தெரிந்துகொண்டு போங்கள்.

ஸ்காபரோ அம்மா:

ரீச்சர், அது எனக்கும் வேண்டிய குறிப்பு. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரிவருமா என்று கேட்டவர்களுக்கு: மரவளையத்தைக் குச்சியால் உருட்டுவது, ஆடு கோழி பார்ப்பது இவை போதும். மெழுகுப் பக்கம் இப்போது வேண்டாம். அப்புறம், எல்லா நாளும் எல்லா வேலையும் நடக்காது. அன்றைக்கு என்ன இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லர் பட்டறையில் பொறி பறக்கும், மூடின சப்பாத்து போட்டு விடுங்கள். சட்டை பழசாகவே இருக்கட்டும்.