ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்த காலேஜ் இப்படி நடந்துகொள்வது நியாயமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உசிலம்பட்டி அக்கா:

என் தம்பி கபடியில் நல்ல ரைடர். பிளஸ் டூ முடித்ததும் மதுரைக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் காலேஜில் அவர்களே கூப்பிட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்தார்கள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், எங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் சேர்ந்த அன்றே ஒரிஜினல் மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இன்னும் தரவில்லை. ஊர்த் திருவிழா கபடி, பொங்கல் கபடி எதிலும் ஆடக்கூடாதாம், ஆடினால் டீமை விட்டு எடுத்துவிடுவார்களாம். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான். எங்கள் பக்கம் ஒரு ராத்திரி மேட்ச் ஜெயித்தால் வரும் பரிசுப் பணத்தில் அவன் பங்கு வீட்டுச் செலவுக்கு உதவும், அது நின்றுபோனது. அதே சமயம் அவன் பாடிப் போகிற போட்டோவைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, அட்மிஷன் நேரத்தில் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பக்கமெல்லாம் வைத்தார்கள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருஷம் காலேஜுக்காக ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஸ்கேன் பணத்தைக் கூட நாங்கள்தான் கட்டினோம். இப்போது, ஆடாத பையனுக்கு ஹாஸ்டல் எதற்கு என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் காலேஜ் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டதாகப் படித்தேன். உண்மையா? நம் பையன்கள் அப்படி எதுவும் கேட்க முடியாதா?

திருநகர் வாசகன்:

நீங்கள் படித்தது பாதி சரி அக்கா. கொடுத்தே ஆக வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை, கொடுக்கக் கூடாது என்று இருந்த தடைதான் உடைந்திருக்கிறது. அங்கே காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு, ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என்று ஸ்காலர்ஷிப்புக்கு மேல் பணம் வாங்கினால் ஆடவே விடமாட்டோம் என்று பல காலம் சட்டம் வைத்திருந்தது.

உங்கள் தம்பியின் ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு நெருக்கமாக ஒரு கேஸ் உண்டு. எட் ஓபேனன் என்ற பாஸ்கெட்பால் வீரர் 1995-இல் தன் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவுக்குக் கோப்பை வாங்கித் தந்த டீமில் இருந்தவர். பல வருஷம் கழித்து ஒரு வீடியோ கேமில் அவரை மாதிரியே ஓர் உருவம், அவருடைய அதே நம்பரில் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். கேம் விற்கிறது, அவருக்கு ஒரு பைசா இல்லை. 2009-இல் கேஸ் போட்டு 2014-இல் ஜெயித்தார், மேல்முறையீட்டில் கொஞ்சம் குறைத்தார்கள் என்றாலும் வழி திறந்தது அங்கேதான். அப்புறம் 2021 ஜூனில் ஆல்ஸ்டன் என்ற வீரர் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள், ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் போட்ட வழக்கின் சமரசத்தைக் கோர்ட் ஏற்றது. அதன்படி காலேஜே நேரடியாக, முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். முன்பு ஆடி ஒன்றும் கிடைக்காதவர்களுக்குச் சுமார் 280 கோடி டாலரைப் பத்து வருஷத்தில் பிரித்துத் தர வேண்டும்.

இதை நம் ஊர் கோர்ட்டில் காட்ட முடியாது, சட்டம் வேறு. ஆனால் "ஓசியில் படிக்கிறாய், வாயை மூடு" என்ற அதே பதிலைத்தான் அங்கேயும் பல வருஷம் சொல்லிவந்தார்கள் என்பதை உங்கள் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மேலூர் பழைய ரைடர்:

தங்கச்சி, நானும் இதே மாதிரி கோட்டாவில் படித்தவன். வெளி மேட்சுக்குப் போகாதே என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். காலேஜில் மேட் விரிப்பில் ஆடிப் பழகின காலை மண் தரையில், டியூப் லைட் வெளிச்சத்தில், விடிய விடிய இறக்கினால் அடிபடத்தான் செய்யும், அங்கே டாக்டரும் கிடையாது ஆம்புலன்ஸும் கிடையாது. ஆனால் தடுக்கிறவர்கள் அந்தப் பரிசுப் பணத்துக்கு ஈடாக ஏதாவது தர வேண்டுமா இல்லையா? கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி, சாப்பாட்டுச் செலவு போக மாசம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கென்று தனியாகத் தருகிறார்கள். வீட்டில் கஷ்டம் இருக்கும் பையனுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. காலேஜ் அதில் கால்வாசி கொடுத்தால் கூட எந்தப் பையனும் ராத்திரி மேட்சுக்கு ஓடமாட்டான்.

ப்ரோ கபடி வந்த பிறகு எல்லார் கண்ணும் ஏலத்தில்தான். 2023-இல் பவன் செராவத்தை 2 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தார்கள், அதைக் காட்டியே பையன்களைப் பேசி அழைத்து வருகிறார்கள். அந்த ஏலம் வரைக்கும் போகிறவன் ஆயிரத்தில் ஒருவன், முட்டி போனவனுக்கு அதுவும் இல்லை. இதைச் சீட் கொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை, எனக்கு ஆத்திரமே அதில்தான்.

ஓய்வுபெற்ற பி.டி.:

அம்மா, நான் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்த்தவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அங்கே மார்ச் மாதம் நடக்கும் ஒரே ஒரு பாஸ்கெட்பால் போட்டியின் டிவி உரிமைக்கு மட்டும் வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் நம் சவுத் ஜோன் கபடியை எந்த டிவி காட்டுகிறது? டிக்கெட்டும் கிடையாது. பையன்களைக் கூட்டிக்கொண்டு ரயிலில் அன்ரிசர்வ்டில் போய், பஸ் காசுக்கு பில் சேர்த்துவைத்து, அது பாஸாக மாசக்கணக்கில் அலைந்திருக்கிறேன். பங்கு கேட்க முதலில் வருமானம் இருக்க வேண்டும்.

அதோடு, கோட்டா சீட் என்பது வெறும் சோறும் பாயும் இல்லை. சக்கிமங்கலம் ரேவதி வீரமணி பாட்டியின் வளர்ப்பில், வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த பெண். பயிற்சியாளர் கண்ணன் பார்த்துக் கூட்டிவந்து, லேடி டோக் காலேஜில் இடமும் ஹாஸ்டலும் கிடைத்த பிறகுதான் டோக்கியோ ஒலிம்பிக் ரிலே வரைக்கும் போனார். பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடி வாங்கும் ஃபார்ம் 3 சர்டிபிகேட் கையில் இருந்தால் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எத்தனையோ வீடு அந்தச் சர்டிபிகேட்டால் நிமிர்ந்திருக்கிறது.

ஆனால் உங்கள் தம்பிக்கு நடந்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலேஜ் பனியனைப் போட்டு ஆடும்போது அடிபட்டால் வைத்தியம் காலேஜ் பொறுப்பு. டீமுக்கு இன்சூரன்ஸ் போடுவதற்கு ஆகும் பணம் அந்த ஃப்ளெக்ஸ் செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ரேஸ்கோர்ஸ் ஓட்டக்காரி:

சார் சொன்ன வருமானக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டார். வருமானம் டிக்கெட்டில் மட்டுமா வருகிறது? ஃப்ளெக்ஸைப் பார்த்து வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையின் ஃபீஸும் வருமானம்தானே. எல்லா மாணவர்களிடமும் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் என்று தனியாக வேறு வாங்குகிறார்கள், அது எங்கே போகிறது என்று எந்த காலேஜாவது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறதா?

பெண்கள் விஷயத்தையும் சேர்த்துப் பேசுங்கள். அமெரிக்காவில் அந்த 280 கோடியில் பெரும்பங்கு ஆண்கள் ஆடும் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகிறது என்று பெண் வீராங்கனைகள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள், 1972-லேயே படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சமபங்கு என்று அங்கே சட்டம் வந்தும் இந்த நிலை. இங்கே கபடிப் பையன்களுக்காவது திருவிழா மேட்ச் என்று ஒரு வழி இருக்கிறது. தடகளப் பெண்ணுக்கு எந்தத் திருவிழாவில் பரிசு வைக்கிறார்கள்? ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ தேய்ந்தால் அடுத்தது வாங்க நாங்கள் வீட்டில்தான் கை நீட்ட வேண்டும். பணம் வருகிற விளையாட்டுக்கு மட்டும் பணம் என்று ஆரம்பித்தால் முதலில் மூடுவது எங்கள் டீமைத்தான்.

உசிலம்பட்டி அக்கா:

எல்லாருக்கும் நன்றி. சம்பளமோ பங்கோ நான் கேட்கவில்லை சார். காலைச் சரிபண்ணிக் கொடுங்கள், படிப்பை முடிக்க விடுங்கள், மார்க்‌ஷீட்டைத் திருப்பிக் கொடுங்கள், அவ்வளவுதான். முதலில் எதில் ஆரம்பிக்க?

திருநகர் வாசகன்:

மார்க்‌ஷீட்டில் ஆரம்பியுங்கள், சட்டம் தெளிவாக இருப்பது அதில்தான். சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களைக் காலேஜ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு நகலில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள், தராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் அந்த நகலையே புகாராகப் போடலாம். வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள், தம்பி இன்னும் அங்கேதான் பரீட்சை எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற பி.டி.:

அதே கடிதத்தில் அடிபட்ட தேதி, மேட்ச் நடந்த இடம், கூட வந்த பி.டி. பெயர் மூன்றையும் எழுதி வைத்தியச் செலவையும் கேளுங்கள். அன்றைக்குக் காலேஜ் கொடுத்த ஆன் டூட்டி கடிதம் அவனிடம் இருக்கும், அதன் ஜெராக்ஸை இணையுங்கள், காலேஜுக்காகத்தான் ஆடினான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கால் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஜவ்வு ஆபரேஷன் அதில் வருமா என்று அங்கேயே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து பிசியோவை நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பையன்கள் ஆட்டத்தை இழப்பது அங்கேதான்.