உதவி: 519ஏ எல்இடி மாற்றிய பிறகு டார்ச்சில் லோ மோடு வரவில்லை (அவசரம்)

ராணிப்பேட்டை_ஷேடு
அண்ணன்மார்களுக்கு வணக்கம். டார்ச்சில் இருந்த எல்இடியைக் கழற்றிவிட்டு நிச்சியா 519ஏ போட்டேன். எரிகிறது, நிறமும் அருமை. ஆனால் லோ, மீடியம், ஹை மூன்றும் ஒரே வெளிச்சம். இரண்டு நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாத சூடு. வியாழக்கிழமை ஒரு லாட் தோல் பார்க்க வேண்டும், அதற்குள் சரியாக வேண்டும். எங்கே தப்பு?

மூணுசெல்_டார்ச்
எந்த டார்ச் தம்பி? டிரைவர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) என்ன? செல் என்ன? எல்இடியை மட்டும் மாற்றினீர்களா, போர்டோடு மாற்றினீர்களா?

பாலாற்றங்கரை
செல்தான், சந்தேகமே இல்லை. கடைத்தெருவில் 9900 மில்லிஆம்பியர்-அவர் என்று அச்சடித்து விற்கும் 18650 செல் வாங்கியிருப்பீர்கள். நல்ல செல்லிலேயே 3500 மில்லிஆம்பியர்-அவர் பக்கம்தான் நிற்கும். அந்த மாதிரி செல்லால் ஹைக்கு வேண்டிய கரண்டைத் தர முடியாது. ஹை ஏறாவிட்டால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். என் முதல் டார்ச்சில் இதேதான் நடந்தது.

ஆம்பூர்_இரவு
சூடு என்கிறாரே, அதைக் கவனியுங்கள். போர்டுக்குக் கீழே தெர்மல் பேஸ்ட் வைத்தீர்களா தம்பி? அதை விட்டுவிட்டால் சூடு பில்லுக்குள் (போர்டு உட்காரும் உலோகப் பகுதி) இறங்காமல் எல்இடியிலேயே நிற்கும். நம் ஊர் மே மாத வெயிலில் பேஸ்ட் இல்லாமல் ஓட்டினால் எல்இடி நீலம் அடித்துப் போய்விடும்.

ஈயக்கம்பி
டார்ச் பெயர் இல்லை, டிரைவர் இல்லை, படம் இல்லை. இப்படிக் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் முன் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன். யாரும் வரைவதில்லை. மல்டிமீட்டராவது இருக்கிறதா?

ராணிப்பேட்டை_ஷேடு
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கான்வாய் எஸ்2+. உள்ளே 7135 சிப் எட்டு இருக்கிற டிரைவர். முன்பு எக்ஸ்எம்-எல்2 எல்இடி இருந்தது. புது 16 எம்எம் செம்பு போர்டில், பழைய தோசைக்கல்லில் சால்டர் பேஸ்ட் உருக்கி 519ஏ-வை உட்கார வைத்தேன். தெர்மல் பேஸ்ட் வைத்தேன். செல், லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த நல்ல செல். எல்இடியைச் சுற்றி வரும் வெள்ளை வளையம் பழையதுதான். அப்புறம் ஒன்று: முன் வளையத்தை அரைச் சுற்று தளர்த்தினால் லோ வருகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று சொல்லாமல் விட்டேன்.

மூணுசெல்_டார்ச்
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி! மொத்த விடையும் அதில்தான் இருக்கிறது.

இந்த டிரைவரில் செல்லின் பாசிட்டிவ் நேராக எல்இடிக்குப் போகிறது. 7135 சிப்புகள் நெகட்டிவ் பக்கம் உட்கார்ந்து கரண்டைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு சிப்புக்கு 350 மில்லிஆம்பியர் என்றால் எட்டுக்கும் சேர்த்து 2.8 ஆம்பியர். ரிஃப்ளெக்டர் அலுமினியம், அது பாடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பாடிதான் செல்லின் நெகட்டிவ். எல்இடியின் நெகட்டிவ் ஒயரில் நீங்கள் வைத்த ஈயம் உயரமாக இருந்து, முன் வளையத்தை இறுக்கும்போது ரிஃப்ளெக்டரின் அடியைத் தொட்டால், கரண்ட் சிப்புகளைச் சுற்றிக்கொண்டு நேராகப் பாடிக்குப் போய்விடும். டிரைவர் லோ என்றாலும் ஹை என்றாலும் எல்இடி காதில் வாங்காது, செல் தருவதை எல்லாம் குடிக்கும். அதனால்தான் அந்தச் சூடு.

செல்லைக் கழற்றிவிட்டு மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, வளையத்தை இறுக்கி, எல்இடி நெகட்டிவுக்கும் பாடிக்கும் வைத்துப் பாருங்கள். அதுவரை செல் போட வேண்டாம். பாசிட்டிவ் ஈயமும் அதே உயரத்தில் இருந்து அது தொட்டிருந்தால் செல்லே ஷார்ட் ஆகியிருக்கும். லேப்டாப் செல்லில் பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது, கவனம்.

ஈயக்கம்பி
சரியான விளக்கம். கூடுதலாக ஒன்று: எக்ஸ்எம்-எல்2 5050 அளவு (பக்கத்துக்கு 5 எம்எம்), 519ஏ 3535 அளவு (3.5 எம்எம்). பழைய வெள்ளை வளையத்தின் ஓட்டை இதற்குப் பெரிது. வளையம் ஆடும், ரிஃப்ளெக்டர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். 3535 வளையம் பத்து இருபது ரூபாய் விஷயம், அதை மிச்சப்படுத்தக் கூடாது.

நிறமாலை
தோல் பார்க்க என்றா சொன்னீர்கள்? ஷேடு பார்க்கவா? ஷேடு பார்க்க டி65 (பகல் வெளிச்சத்துக்கான தர அளவு) விளக்குப் பெட்டி இருக்கிறது, அதில்தான் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு தோல் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். டார்ச்சை நம்பி லாட்டை ஓகே செய்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார்.

ஆம்பூர்_இரவு
பெட்டி எல்லா ஷெட்டிலும் இருக்கிறதா நண்பரே? குடோனில் அடுக்கி வைத்த தோலைப் பெட்டிக்குள் எப்படிக் கொண்டுபோவது? நான் இருபது வருடமாக வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் புரட்டுகிறேன். சாதாரண 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) டார்ச்சில் சிவப்பு வராது. செர்ரியும் பிரவுனும் செத்த மாதிரி பச்சை அடிக்கும். ஆர்9 (சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) அதிகமாக இருக்கிற எல்இடியில் பார்த்தால் அந்தத் தோலுக்கே உயிர் வரும்.

நிறமாலை
உயிர் வருவது வேறு பாய், அளவு வேறு. சற்று மஞ்சள் கலந்த 4500 கெல்வினில் பிரவுன் எப்போதும் அழகாகத்தான் தெரியும். அழகாகத் தெரிவதுதான் ஆபத்து.

ஆம்பூர்_இரவு
ஷேடை முடிவு செய்ய என்று நான் சொல்லவில்லை. டார்ச்சைத் தோலோடு தோலாகப் படுக்க வைத்து அடியுங்கள். உண்ணி கடித்த இடம் ஒவ்வொன்றும் கடுகளவு நிழலோடு எழுந்து நிற்கும். முள் கீறலும் கிரெயின் (தோலின் மேற்பரப்பு) தளர்ந்த இடமும் அப்படித்தான். எந்தப் பெட்டியிலும் அது தெரியாது.

நிறமாலை
அதை ஒப்புக்கொள்கிறேன். குறை பார்க்க டார்ச், ஷேடுக்குப் பெட்டி.

பாலாற்றங்கரை
இருந்தாலும் ஒரு முறை வேறு செல் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூணுசெல்_டார்ச்
தம்பி, அந்தத் தோசைக்கல்லில் உருக்கியது 63/37 பேஸ்ட் என்றால் அதில் ஈயம் என்ற விஷம் இருக்கிறது. இனி அந்தக் கல்லில் தோசை கூடாது. வீட்டில் சொல்லித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இதை மறக்க வேண்டாம்.

ராணிப்பேட்டை_ஷேடு
மீட்டர் கத்தியது. கழற்றிப் பார்த்தால் ரிஃப்ளெக்டர் அடியில் மிளகு அளவுக்குக் கருப்பாக ஒரு தீய்ந்த புள்ளி, நெகட்டிவ் ஈயத்துக்கு நேர் மேலே. ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஒயரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேலே காப்டன் டேப் (சூடு தாங்கும், கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டினேன். லோ வந்துவிட்டது. 3535 வளையம் ஆர்டர் போட்டாச்சு. கல்லை அம்மாவிடம் சொல்லி எடுத்து வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ஷிப்டுக்கு நேரமாகிறது.