4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். வீட்டிலிருந்தே தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் பார்க்கிறேன். கண் வலிக்காமல் இருக்கட்டும் என்று போன வாரம் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். எழுத்து அவ்வளவு தெளிவு! மெய்யெழுத்தின் புள்ளி விட்டுப்போயிருந்தால் பெரிதாக்காமலே தெரிகிறது.

ஆனால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 30 முறைக்கு மேல் திரை புதுப்பிக்கப்படுவதில்லை. பக்கத்தை நகர்த்தினால் வரிகள் விட்டுவிட்டு நகர்கின்றன, மவுஸ் அம்பு கை போன பிறகுதான் வருகிறது. அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது.

கணினி இன்டெல் ஐ5-8400, 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டில் மானிட்டரை இணைக்க எச்டிஎம்ஐ 1.4, விஜிஏ என்று இரண்டு போர்ட்தான், டிஸ்ப்ளேபோர்ட் இல்லை. எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும் என்று இப்போதுதான் புரிந்தது. கேபிள் மாற்றியும் அதேதான். 2560×1440-க்கு இறக்கினால் 60 வருகிறது, ஆனால் ண, ன சுழிகள் மங்கிவிடுகின்றன. எனக்கு அது சரிப்படாது.

4கே-யில் 60 ஹெர்ட்ஸ் தரும் எச்டிஎம்ஐ 2.0 உள்ள ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு 30 வாட்தான் தேவை, தனி பவர் கேபிளும் வேண்டாம். என் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 300 வாட், கேபினெட்டும் ஒல்லியானது. கேம் விளையாடுவதில்லை.

இதே கார்டில் 4கே 60 ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? பழைய கார்டு வாங்கினால் எதைச் சோதித்து வாங்க வேண்டும்? அப்புறம், விண்டோஸில் 150% அளவு வைத்தால் பழைய டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள்களின் மெனு மங்கலாகத் தெரிகிறது. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் 320 பக்கம் முடித்துக் கொடுக்க வேண்டும்.