அடை வைத்த முட்டைகள் பொரியவில்லை, காரணம் தேவை

கொழிஞ்சாம்பாறை தோட்டம்:
வணக்கம். நாட்டுக்கோழி ஒன்றை 12 முட்டைகளுடன் அடை வைத்திருந்தோம். கெடு முடிந்தும் 3 குஞ்சுகள் மட்டுமே வெளிவந்தன. அடுத்த கோழியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டதால் விரைந்து காரணம் கூறவும்.

சித்தூர் அக்கா:
முட்டைகள் எத்தனை நாள் பழையவை, சேவல் உண்டா, கூடை எங்கே இருந்தது, மிஞ்சியவற்றை உடைத்துப் பார்த்தீர்களா? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் காரணம் கேட்டால் எப்படி?

வேலந்தாவளம் பெரியவர்:
இடி இடித்திருக்கும். கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டிருந்தால் ஒரு முட்டையும் கெட்டிருக்காது.

பண்ணை ஆசான்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன்; படிக்கத்தான் ஆளில்லை. 7ஆம் நாள் இரவில் டார்ச் அடித்து, சிவப்பு நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிட வேண்டும். இடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேலந்தாவளம் பெரியவர்:
மின்சாரம் போனால் உங்கள் பொரிப்பானில் உள்ளவை அத்தனையும் கூமுட்டைதானே, தம்பி?

பண்ணை ஆசான்:
பொரிப்பானைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

கொழிஞ்சாம்பாறை தோட்டம்:
சேவல் உண்டு, முட்டைகள் ஒரு வாரத்திற்குள் சேர்த்தவை. இப்போது உடைத்துப் பார்த்தேன். இரண்டில் கரு பிடிக்கவே இல்லை. ஏழில் முழுக் குஞ்சு இருந்தது, ஆனால் உள்சவ்வு காய்ந்து இறகோடு ஒட்டியிருந்தது. அவற்றில் ஒன்று ஓட்டைக் கொத்தித் துளையிட்ட நிலையிலேயே செத்திருந்தது. ஆட்டுக்கொட்டகைத் தகரக் கூரையின் கீழ், கிழக்கு வாசலருகே, வைக்கோல் மட்டும் போட்டுக் கூடையை வைத்திருந்தோம்.

சித்தூர் அக்கா:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனோடு தகரத்தின் சூடும் சேர்ந்தால், 18ஆம் நாளுக்குப் பிறகு, குஞ்சு ஓட்டை உடைக்கத் திரும்பும் சமயத்தில் சவ்வு இறுகிவிடுகிறது. அகன்ற மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். கடைசி மூன்று நாட்களும், கோழி இரைக்கு எழும்போது, மணலின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், முட்டைமேல் படக்கூடாது.

பண்ணை ஆசான்:
கரு பிடிக்காத இரண்டு முட்டைகளும் 7ஆம் நாளே தெரிந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

வேலந்தாவளம் பெரியவர்:
மண்சட்டி சரிதான். இருந்தாலும் ஒரு ஆணியைப் போட்டு வைப்பதில் நஷ்டமென்ன?

கொழிஞ்சாம்பாறை தோட்டம்:
சட்டியில் மணல் பரப்பி, உள்திண்ணைக்கு மாற்றிவிட்டேன். நன்றி.

சித்தூர் அக்கா:
கோழியின் சிறகடியில் செள்ளு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? செள்ளு கடித்தால் கோழி அடையில் நிலைக்காது.