மாநகர் மன்றத்தில் ஆட்சேபம் சொல்லப் போனவர்களின் அனுபவங்கள்

பங்சாரிலிருந்து ஓர் அன்பர்:

2023 தொடக்கத்தில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் சிலரோடு போனேன். சுவர் நிறைய வரைபடம். எந்த நிறம் வீடமைப்பு, எது வணிகம், எது பூங்கா என்று பிடிபடவே நேரமாயிற்று. அங்கிருந்த இளம் அதிகாரி சலிக்காமல் விளக்கினார். பக்கத்துக் காலி நிலத்தில் நாளை என்ன எழும்பும், எவ்வளவு அடர்த்தியாக எழும்பும் என்பதெல்லாம் அந்த நிறத்துக்குள்ளேயே இருந்தது. கூட வந்த அக்கா, "தம்பி, இதெல்லாம் முடிவாயிருச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க, வரைவுதான். எழுதிக் கொடுத்தா விசாரணைக்குக் கூப்பிடுவோம்" என்றார் அவர். எழுதிக் கொடுத்தோம், கூப்பிட்டார்கள்.

விசாரணையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தோட்டத்தில் பிறந்ததில் தொடங்கி, பட்டணத்துக்கு வந்து பட்ட பாடு வரை உருக்கமாகச் சொன்னார். "எந்த லாட் ஐயா? என்ன மாத்தணும்?" என்று குழுவில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். பெரியவரிடம் லாட் எண், அதாவது நிலத்தின் பதிவு எண், இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வரைபடத்தில் எதை மாற்றச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ள ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பேசுவதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள்.

எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்குத் தாமான் ரிம்பா கியாரா வழக்கே போதும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்த 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து எட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்ட 2017-இல் மேம்பாட்டு உத்தரவு, அதாவது கட்டுவதற்கான அனுமதி, கிடைத்தது. குடியிருப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு அது. நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் கட்டமைப்புத் திட்டம் என்பது மேயர் விரும்பினால் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கும் காகிதம் அல்ல, சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும் ஆவணம் என்று தீர்ப்பு சொன்னது.

"அது பணக்காரர்களின் வெற்றி" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அதே இடத்தில் ரூமா பாஞ்சாங் எனும் நீள வரிசை வீடுகளில் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. 1980-களில் தற்காலிகம் என்று கொண்டுவந்து குடிவைத்த வீடுகள் அவை. அதே மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்களுக்கும் ஓர் அடுக்குமாடி சேர்க்கப்பட்டிருந்தது. பூங்கா வேண்டுமா, தோட்டத்து மக்களுக்கு வீடு வேண்டுமா என்று இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தியதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த வீடு அவர்களுக்கு என்றோ கொடுத்திருக்க வேண்டியது. அதற்குப் பூங்கா ஏன் விலையாக வேண்டும்?

பாயா தெருபோங்கிலிருந்து ஓர் அன்பர்:

பினாங்கில் சட்டம் வேறு. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். உரிமையாளருக்கு மட்டும்தான் கடிதம் என்பதைக் கவனியுங்கள். நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஈப்போவில். கடிதம் அவருக்குப் போயிருக்கிறது, அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தகரவேலி எழும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் இன்றே வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள், மாநகர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்பட்டும்.

இங்கே மலையைக் குடைந்து போடும் சாலை என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2018 அக்டோபர் 19-இல் புக்கிட் குக்குஸில் மாநகர் மன்றத்தின் சாலைத் திட்டத்து இடத்தில் நிலம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். எல்லாரும் பிழைப்புக்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாயா தெருபோங் நெரிசலில் தினமும் நிற்பவன் நான். சரிவை எப்படிப் பாதுகாக்கப் போகிறீர்கள் என்று வரைபட நிலையிலேயே கேட்க எங்களுக்கு உரிமை வேண்டும்.

வயதானவர்கள் ஒன்று சொல்வார்கள். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம் தமிழர். அன்று மன்ற உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, இன்று வரை திரும்பவில்லை. இப்போது உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு.

செந்தூலிலிருந்து ஓர் அன்பர்:

கோலாலம்பூரில் நியமன உறுப்பினர் கொண்ட மன்றம்கூட இல்லை, மேயர் ஒருவர்தான். அவரையும் கூட்டரசு நியமிக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் உயர்மட்ட நெடுஞ்சாலை வந்தபோது யாரிடம் போவது என்றே தெரியாமல் அலைந்தோம். டோல் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொள்வது பொதுப்பணி அமைச்சின் கீழுள்ள மலேசிய நெடுஞ்சாலை வாரியம். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு இன்னொரு துறை. ஒரு கடிதத்தை எல்லாருக்கும் நகல் போட்டு அனுப்பினால்தான் யாராவது பதில் எழுதுவார்கள். பெட்டாலிங் ஜெயாவில் கிடெக்ஸ் நெடுஞ்சாலையைக் குடியிருப்பாளர்கள் விடாமல் எதிர்த்தார்கள், 2015-இல் சிலாங்கூர் அரசு அதைக் கைவிட்டது. தூண் எழும்பும் முன் எதிர்த்ததால் முடிந்தது.

பங்சார் அன்பரிடம் ஒரு கேள்வி: ஆட்சேபக் கடிதத்தைத் தமிழில் கொடுக்கலாமா? என் அம்மாவுக்கு மலாய் எழுத வராது.

பங்சார் அன்பர்:

மலாயில் கொடுப்பதே நல்லது. அம்மா தமிழில் சொல்லட்டும், நீங்கள் மலாயில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். லாட் எண், வரைபடத்தில் அந்த இடம், என்ன மாற்றம் கேட்கிறீர்கள், இந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கொடுக்கும்போது உங்கள் நகலிலும் தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் எங்கள் கடிதத்தின் மாதிரியை இங்கே போடுகிறேன்.